கொக்கி

ஜெனோவாவின் இதய வால்வைப் பலூன் வைத்து விரித்துவிட்டு டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அவளுடைய புதுப் பாட்டு ஒன்று வெளியாகிவிட்டது. சாயங்காலத்துக்குள் இன்னொன்று. மறுநாள் காலையில் திருப்பூரில் யார் வீட்டுக் காதுகுத்துக்கோ, வந்திருந்த மாமன்மார் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்லி ஒரு பாட்டு. எல்லாம் அவள் குரல்தான். அவளோ தொடையில் கட்டுடன், காலை அசைக்கக் கூடாது என்ற உத்தரவின் பேரில், மல்லாந்து கிடந்தாள்.

ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸ் நாகர்கோவில் பக்கத்துப் பெண். காதுகுத்துப் பாட்டை மொபைலில் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவள், கட்டிலில் இருக்கும் முகத்தைப் பார்த்துக் குழம்பிப்போனாள்.

"நீங்க இங்க படுத்திருக்கீங்க. அப்ப அங்க பாடுறது யாரு?"

"என் நிழல்," என்றாள் ஜெனோவா. "கூடம் கம்பெனிக்காரங்க ஒரு வருஷம் என்னைப் பாடச் சொல்லிப் பதிவு பண்ணாங்க. மெஷின் அதைக் கத்துக்கிட்டுது. இப்ப மெட்டு, வரி, ராகம் எல்லாம் ரசிகர்களே பேசி முடிவு பண்ணுவாங்க. நிழல் பாடிரும்."

"அப்ப உங்களுக்கு என்ன வேலை?"

"வருஷத்துக்கு ஒரு தடவை, நான்தான் நான்னு நிரூபிக்கணும்."

நர்ஸ் அதை வேடிக்கைப் பேச்சென்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனாள். ஜெனோவா சொன்னது அச்சு அசலான உண்மை.

ஒரு காலத்தில் பாட்டு என்றால் தயாரிப்பாளர் வைத்ததுதான் சட்டம். எந்தப் பாட்டு வர வேண்டும், யார் பாட வேண்டும், எப்போது ஓரங்கட்டப்பட வேண்டும் என்று குளிரூட்டிய அறைக்குள் நாலு பேர் முடிவு செய்வார்கள். அந்த நாலு பேரின் கொட்டம் அடங்கியதில் யாருக்கும் வருத்தமில்லை. பாட்டு மக்கள் கைக்கு வந்துவிட்டது என்று ஊரே கொண்டாடியது. ஜெனோவாவும்தான் கொண்டாடினாள். தூத்துக்குடியில் கோயில் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்த பெண்ணை எந்தத் தயாரிப்பாளர் தேடி வந்திருக்கப் போகிறார்? ரசிகர்கள்தான் அவளைக் கண்டெடுத்தார்கள். ஜெனோவா என்ற பெயர் மேடைக்குச் சரிப்படாது என்று வாக்கெடுப்பு வைத்து 'ஆழினி' என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். முதல் விருது வாங்கிய மேடையில் அவள் கண்ணீரோடு சொன்னாள், "என் பாட்டு என்னோடது இல்லை, என் ரசிகர்களோடது." கூட்டம் கைதட்டி ஓய வெகுநேரம் ஆயிற்று. கூடம் கம்பெனி அந்த வாக்கியத்தை எடுத்து அடுத்த ஒப்பந்தத்தின் முதல் வரியாகப் போட்டுக்கொண்டது.

வருஷா வருஷம் தை மாதத்தில் 'உரைகல்' நடக்கும். ஒரே புதுப் பாட்டை ஆழினியும் பாடுவாள், நிழலும் பாடும். எது யார் என்று சொல்லாமல் இரண்டையும் ரசிகர்களுக்குப் போட்டுக் காட்டுவார்கள். எது உண்மையான ஆழினி என்று அவர்கள் வாக்களிப்பார்கள். பெரும்பான்மை அவளுக்கு விழுந்தால் இன்னொரு வருஷம் அவள்தான் மூலக்குரல். மேடையேறலாம், ரசிகர்கள் கேட்டதை நிழல் பாடும் முன் வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு உரிமை உண்டு. இதுவரை அவள் தோற்றதில்லை. காரணம், கொக்கி.

அது அவளுடைய முதல் பாட்டிலேயே வந்தது. நீண்ட வரியின் நடுவே, நிறுத்தக் கூடாத இடத்தில், மூச்சு லேசாகத் தட்டி நிற்கும். ஒரு கணம் பாட்டு விழுந்துவிடுமோ என்று இருக்கும். பிறகு எட்டிப் பிடித்துக்கொண்டு மேலே போகும். ஒலிப்பதிவாளர் அதை வெட்டித் தள்ளப் பார்த்தார். முன்கூட்டிக் கேட்ட ரசிகர்கள் வேண்டாம், அதுதான் நெஞ்சில் கொக்கி மாட்டி இழுக்கிறது என்றார்கள். பெயர் நிலைத்துவிட்டது. கச்சேரிகளில் அந்த இடம் நெருங்கும்போது மைதானம் முழுக்கப் பேச்சை நிறுத்தும். கொக்கி விழுந்ததும் ஆயிரக்கணக்கான பேர் ஒன்றாக மூச்சை இழுப்பார்கள். அவளுக்காகத் தாங்கள் மூச்சு வாங்கிக் கொடுப்பதாக அவர்களுக்கு நினைப்பு. மேடையில் நிற்பவளுக்கு அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும். இவ்வளவு பேர் தன்னைத் தாங்குகிறார்கள் என்று தோன்றும்.

அந்தக் கொக்கி எங்கிருந்து வந்தது என்பது போன வருஷம்தான் தெரிந்தது. சின்ன வயதில் முட்டியெல்லாம் வீங்கி ஒரு காய்ச்சல் வந்தது. வளர்கிற பிள்ளைக்கு வருவதுதான் என்று தைலம் தேய்த்து விட்டுவிட்டார்கள். அந்தக் காய்ச்சல் போகிற போக்கில் இதய வால்வில் தழும்பு போட்டுவிட்டுப் போயிருக்கிறது. வால்வு சுருங்கச் சுருங்க நுரையீரலில் நீர் தேங்கும், மூச்சு முட்டும். ரசிகர்கள் பத்து வருஷமாக உருகிக் கேட்டுக்கொண்டிருந்தது ஒரு நோயின் சத்தத்தை.

செய்தி வெளியானதும் தமிழ்நாடே பதறிப்போனது என்று சொன்னால் மிகையில்லை. வேளாங்கண்ணிக்கு நடந்தார்கள், நாகூரில் சர்க்கரை வைத்து ஓதினார்கள். கரூரில் ரசிகர் பேரவைத் தலைவி பூங்கொடி, கத்தோலிக்கப் பெண்ணான ஜெனோவாவுக்காக முருகனுக்கு வேண்டிக்கொண்டு, கால் கொப்பளிக்கப் பழனிக்கு நடந்தார். கொப்பளித்த பாதத்தின் படத்தை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு ஜெனோவா விம்மி விம்மி அழுதாள்.

டாக்டர் மீனலோசனியிடம் அவளும் அவள் கணவன் அருளப்பனும் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான், தொண்டைக்கு ஏதும் ஆகிவிடாதே என்று. தொண்டைக்குள் குழாயே போகாது, தொடை ரத்தக்குழாய் வழியாகப் பலூனைக் கொண்டுபோய் வால்வை விரித்துவிடலாம் என்றார் டாக்டர். எல்லோருக்கும் நிம்மதி. தொண்டையைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் கழித்து, குளித்துக்கொண்டிருக்கும்போது தன்னையறியாமல் அந்த முதல் பாட்டைப் பாடினாள். நீண்ட வரி வந்தது. வந்தது, போனது, முடிந்தது. அதற்கு மேலும் மூச்சு மிச்சமிருந்தது. அவளுக்கு நம்ப முடியவில்லை. மறுபடி பாடினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வரியின் அந்தக் கரையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வர முடிந்தது. ஈரத் தலையோடு வெளியே ஓடிவந்து அருளப்பன் முன்னால் நின்று பாடிக் காட்டினாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்குக் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

அருளப்பன்தான் அவளுக்கு மேனேஜரும். பாட்டு முடியும்வரை கேட்டான். பிறகு, "கொக்கி எங்கட்டி?" என்றான்.

அன்று தொடங்கிய வாக்குவாதம் தைவரை ஓயவில்லை. உரைகல்லில் கொக்கியை வேண்டுமென்றே போட்டுப் பாடு என்பது அவன் கட்சி. நோயை நடிக்க மாட்டேன் என்பது அவள் கட்சி. தான் பிழைக்க வேண்டுமென்று பழனிக்கு நடந்தவர்கள், தான் நன்றாக மூச்சு விடுவதைக் கேட்டால் சந்தோஷப்பட மாட்டார்களா என்று கேட்டாள். கேட்டதும் அவர்களுக்கே புரிந்துவிடும், நிழல் பழைய நோயாளியைத்தான் பாடிக் காட்டும், தன் குரலில் உயிர் இருக்கும் என்றாள். கடைசியில் அருளப்பன் விட்டுக்கொடுத்தான். அவனுக்கும் உள்ளூர அப்படி நடந்துவிடலாம் என்று ஓர் ஆசை இருந்திருக்க வேண்டும்.

உரைகல்லில் அவள் தோற்றாள். அதுவும் சாதாரணத் தோல்வியில்லை, டெபாசிட் இழந்த வேட்பாளரைப் போல.

கூடம் அலுவலகத்தில் பிரணவ் என்கிற இளைஞன் அவளையும் அருளப்பனையும் உட்காரவைத்து இளநீர் கொடுத்தான். மரியாதை தெரிந்த பையன். அவன் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. இனி நிழலே மூலக்குரல் என்றான். ஆழினி என்ற குரல் கம்பெனி பெயரில் பதிவு செய்யப்பட்ட குரல், அதனால் அந்தக் குரலுக்கு நெருக்கமாக வேறு யார் பொதுவெளியில் பாடினாலும் போலியாகக் கருதப்படும் என்றான்.

"வேற யாருன்னா? நானா?" என்றாள் ஜெனோவா.

"சட்டத்துல ஆழினிங்கிறது குரல்தான் மேடம், ஆள் இல்ல."

"கோயில்ல பாடலாமில்ல?"

"பூசையை நேரலையில போடுறாங்களே மேடம். வீட்டுக்குள்ள பாடுங்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

வீட்டுக்குள் பாடலாம் என்று அனுமதி கிடைத்தவள் வீடு வந்து சேர்ந்தாள். ஈஸ்டர் பூசையில் எல்லோரும் எழுந்து நின்று பாடும்போது அவள் வாயை மட்டும் அசைத்தாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண் அவளைக் கேமராவுக்கு மறைத்தாற்போல் நகர்ந்து நின்று, பாடுங்க என்று கண்ணால் சொன்னாள். பாடத்தான் மனம் தவித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

நிழலுக்கு இப்போது வேண்டாம் என்று சொல்ல ஆளில்லை. ஒரு பல்பொடிக்குப் பாடியது, ஒரு கட்சி மாநாட்டுக்குப் பாடியது, அதன் எதிர்க்கட்சி மாநாட்டுக்கும் பாடியது. ரசிகர்கள் கேட்டார்கள், அது பாடியது. ஒவ்வொன்றிலும் கொக்கி அட்சரம் பிசகாமல் விழுந்தது.

அடுத்த தைவரை காத்திருக்காமல் இருக்க விதியில் ஒரே ஒரு சந்து இருந்தது. மாவட்டப் பேரவைகளின் பொதுத் தலைவி பரிந்துரைத்தால் மறுவாக்கெடுப்பு நடத்தலாம். அந்தத் தலைவி பூங்கொடிதான். ஜெனோவாவுக்கு நம்பிக்கை துளிர்த்தது. ரசிகர்கள் ஏமாந்துவிட்டார்கள், மெஷின் அவர்களைக் குழப்பிவிட்டது, நேரில் போய்ப் பாடிக் காட்டினால் அந்த அம்மாவுக்குப் புரியாமலா போய்விடும்? இருவரும் காரை எடுத்துக்கொண்டு கரூருக்குப் போனார்கள்.

பூங்கொடி கொசுவலை தைக்கும் தொழில் நடத்துகிறவர். வீட்டின் முன்பக்கம் முழுக்கத் தையல் மெஷின்கள். ஜெனோவாவைக் கண்டதும் எல்லா மெஷினும் நின்றுபோயின. பூங்கொடி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார், கன்னத்தைத் தடவினார், உடம்பு தேறியிருக்கிறது என்று கண் கலங்கினார். கம்பு தோசையும் நாட்டுக்கோழிக் குழம்பும் வைத்து, சாப்பிட்டு முடிக்கும்வரை எதையும் பேசவிடவில்லை. பழனிப் பஞ்சாமிர்தம் என்று ஒரு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார்.

கை கழுவிவிட்டு வந்து ஜெனோவா விஷயத்தைச் சொன்னாள். உங்களைக் குறை சொல்லவில்லை, மெஷின் அவ்வளவு தத்ரூபமாகப் பாடுகிறது, யாராக இருந்தாலும் ஏமாந்துதான் போவார்கள் என்று அவருக்கே சமாதானம் சொல்வது போலச் சொன்னாள். "எது நான்னு உங்களுக்குத் தெரியாமப் போச்சு. அதனாலதான்க்கா இப்படி ஆயிட்டுது."

பூங்கொடி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"தெரிஞ்சுதுங்க கண்ணு," என்றார்.

ஜெனோவாவுக்குப் புரியவில்லை.

"மொதோ வரியிலயே தெரிஞ்சுபோச்சு. எனக்கு மட்டுமில்லீங்க, எல்லாருக்குந்தான். பத்து வருசமாக் கேக்கறோம், உங்க கொரல் எங்களுக்குத் தெரியாதுங்களா? ரெண்டாவதாப் பாடுனது நீங்க. நல்லாருக்கற ஒருத்தரு பாடற பாட்டு."

"தெரிஞ்சேவா நிழலுக்கு ஓட்டுப் போட்டீங்க?"

பூங்கொடியின் கணவர் சாயப்பட்டறையில் வேலை செய்தவர், நுரையீரல் போய்விட்டது. கடைசி இரண்டு வருஷம் வீட்டுக்குள் ஆக்சிஜன் உருளையோடுதான் வாசம். ஆழினி பாட்டைப் போட்டுக்கொண்டே படுத்திருப்பார். கொக்கி விழும் இடத்தில் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வருமாம். இந்தப் பிள்ளைக்கும் நம்மைப் போல் மூச்சு பத்தவில்லை பார், ஆனாலும் பாடுகிறது பார் என்பாராம். இதையெல்லாம் பூங்கொடி தரையைப் பார்த்தபடி சொன்னார். பேரவையில் சேர்ந்தவர்களில் பாதிப்பேர் வீட்டில் இப்படி ஏதாவது ஒன்று இருக்கிறது என்றார். கடனில் மூச்சு முட்டுகிறவன், மாமியார் வீட்டில் மூச்சு முட்டுகிறவள், எல்லோருக்கும் அந்த ஒரு நொடி வேண்டியிருக்கிறது.

"நீங்க நல்லாருக்கோணும்னுதான் பழனிக்கு நடந்தேன். இன்னொருக்கா நடக்கச் சொன்னாலும் நடப்பேன். ஆனா அது போயிரோணும்னு நான் வேண்டிக்கலீங்களே."

"அது நோயிக்கா," என்றாள் ஜெனோவா. "இருந்திருந்தா செத்துப் போயிருப்பேன்."

"தெரியும் சாமி."

அருளப்பன் குறுக்கே வந்தான். கொக்கி போட்டே பாடுவாள், இப்போதே பாடிக் காட்டச் சொல்கிறேன், பரிந்துரை மட்டும் செய்யுங்கள் என்றான். ஜெனோவா அவனைத் தடுக்கவில்லை. வந்த வழியெல்லாம் இருந்த ரோஷம் கம்பு தோசையோடு கரைந்துபோயிருந்தது. நடுக்கூடத்தில் எழுந்து நின்று பாடினாள். அந்த இடம் வந்தபோது மூச்சை வேண்டுமென்றே தட்டவிட்டாள். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தையல்காரப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் மூச்சை இழுக்கவில்லை. ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டு தன் மெஷினுக்குத் திரும்பிப் போனாள்.

"வேண்டாங்க கண்ணு," என்றார் பூங்கொடி, நிஜமான வருத்தத்தோடு. "பாக்கவே சங்கடமா இருக்குது. நடிச்சா எங்களுக்குத் தெரிஞ்சிருமுங்க."

மறுவாக்கெடுப்பு வைத்தாலும் இதேதான் நடக்கும், அந்த அவமானம் உங்களுக்கு வேண்டாம் என்று பக்குவமாகச் சொன்னார். விதிப்படி ஒவ்வொரு தையிலும் பழைய மூலக்குரல் மறுபடி உரைகல்லுக்கு விண்ணப்பிக்கலாம், அப்போது பார்க்கலாம் என்றார். ஜெனோவா ஆத்திரம் தாங்காமல், என் பாட்டை நீங்கள் யார் தீர்மானிப்பதற்கு என்று கேட்டுவிட்டாள். பூங்கொடி கோபப்படவில்லை. நீங்கள்தானே அன்றைக்கு மேடையில் சொன்னீர்கள் என்று நினைவுபடுத்தினார். கார்வரை வந்து வழியனுப்பிவிட்டு, தண்ணீர் பாட்டிலும் உள்ளே வைத்து, சீட் பெல்ட் போடச் சொன்னார். அந்த அன்பில் எள்ளளவும் பொய்யில்லை. அதுதான் ஜெனோவாவுக்கு ஆறவே இல்லை. ஏமாந்தார்கள் என்றால் மன்னித்திருப்பாள். மெஷினைத் திட்டித் தீர்த்திருப்பாள். தெரிந்தே வேண்டாமென்று சொன்னவர்களை என்ன செய்வது?

புரட்டாசி கழிந்து ஒரு காலையில் அடுப்படியில் சாளை மீன் ஆய்ந்துகொண்டே அவள் எதையோ முணுமுணுத்தாள். வீட்டுக்குள் பாட அனுமதி உண்டே. நீண்ட வரியொன்றின் நடுவில் மூச்சு தட்டி நின்றது.

கத்தியைக் கீழே வைத்தாள். கொஞ்ச நாளாகவே மாடிப்படியில் பாதியில் நின்று நின்றுதான் ஏறுகிறாள். உடம்பு போட்டுவிட்டதென்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் சட்டென்று குறைந்தது. அருளப்பன் எழுந்து வரவில்லை, எதுவும் கேட்கவில்லை. டிவியைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அவளும் மேற்கொண்டு பாடவில்லை.

மறுநாள் அருளப்பனோடு போனபோது டாக்டர் மீனலோசனி ஸ்கேனை நெடுநேரம் பார்த்தார். வால்வு மறுபடி சுருங்கிக்கொண்டு வருகிறது என்றார். சிலருக்குத் தழும்பு இப்படித் திரும்பவும் இறுகுவதுண்டு, இவ்வளவு சீக்கிரம் இறுகியதுதான் கவலை என்றார். இந்தத் தடவை பலூன் உதவாது, நெஞ்சைத் திறந்து வால்வையே மாற்ற வேண்டியிருக்கும். தள்ளிப்போட்டால் ரத்தம் கட்டி மூளைக்குப் போகலாம், நுரையீரலில் நீர் கோத்து மூச்சே நின்றும் போகலாம்.

"இந்த மாசக் கடைசியில தேதி குறிச்சிரலாம்," என்றார்.

ஜெனோவாவுக்கு முதலில் வந்தது பயம்தான். அதற்குப் பின்னால், அவளே வெட்கப்படும்படி, வேறொன்றும் வந்தது. மைதானம் முழுக்க மூச்சை இழுக்கும் சத்தம் காதில் கேட்டது.

"ஜனவரிவரைக்கும் தாங்குமா டாக்டர்?" என்றாள்.

"ஜனவரியில என்ன?"

தையில் உரைகல் என்று டாக்டரிடம் எப்படிச் சொல்வாள்? தான் கேட்டது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. பைத்தியமா உனக்கு என்று பக்கத்தில் இருப்பவன் ஒரு வார்த்தை அதட்டினால் போதும், இந்த மாதக் கடைசிக்கே சரி என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். அந்த வார்த்தைக்காக அருளப்பன் பக்கம் திரும்பினாள். அவன் மொபைலில் ஜனவரி மாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, டாக்டர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தான்.